சேலம் கட்டற்ற மென்பொருள் குழுவின் இணையதளத்தைப் புதுப்பிக்கும் முன் பேசித் தீர்க்க வேண்டியவை (அவரவர் ஊர்ப் பெயரில் எழுதியது)

சூரமங்கலம்:

எல்லோருக்கும் வணக்கம். நம் தளம் இன்னும் ட்ரூபல் 7 என்ற தள மேலாண்மை மென்பொருளில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கான ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அங்கிருந்து வராது. அதனால் மாற்றலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் போன மாதக் கூட்டத்தில் இதைப் பேசிய விதம் எனக்குக் கவலையாக இருக்கிறது. என்ன நிறம், லோகோவை வட்டமாக்கலாமா, முகப்பில் வீடியோ ஓட விடலாமா என்று இதிலேயே நேரம் போய்விட்டது. யார் வருகிறார்கள், எதைத் தேடி வருகிறார்கள், தேடியது கிடைக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சர்வரில் இருக்கும் லாகை, அதாவது எந்தப் பக்கம் எப்போது திறக்கப்பட்டது என்ற பதிவேட்டை, கோஆக்சஸ் என்ற கருவியில் போட்டுப் பார்த்தேன். (அது வருகிறவரின் பிரௌசரில் எதையும் ஒட்டாது, யாரையும் பின்தொடராது, சர்வர் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதை மட்டும் படித்துச் சொல்லும். புதிய தளத்திலும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.) வருகிறவர்களில் பெரும்பாலோர் முகப்பைப் பார்ப்பதே இல்லை. தேடுபொறியிலிருந்து நேராக உள்ளே ஒரு பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள், படிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அதிகம் திறக்கப்படும் பக்கங்கள் எவை என்று பாருங்கள்: அரசு கொடுத்த லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவுவது, லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ்ஸில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பது, பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவது. இந்த மூன்றையும் தொட்டே வருடக்கணக்காகிறது. நாம் அலங்கரிக்க நினைக்கும் முகப்பு கிட்டத்தட்ட நமக்கு மட்டுமே தெரிந்த பக்கம்.

என் யோசனை இதுதான். எந்த டெம்ப்ளேட் என்ற பேச்சைத் தள்ளி வைப்போம். முதலில் தளத்தில் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு விரிதாளில் பட்டியல் போடுவோம். பக்கத்தின் முகவரி, எழுதியவர், கடைசியாகத் திருத்திய ஆண்டு, இன்றைக்கும் சரியாக இருக்கிறதா, இனி யார் பார்த்துக்கொள்வார்கள். கடைசி நெடுவரிசையில் பெயர் விழாத பக்கத்தைப் புதிய தளத்துக்கு எடுத்துப் போகக் கூடாது, "பழையவை" என்ற குறிப்போடு தனியே வைத்துவிட வேண்டும். இந்தப் பட்டியல் முடியாமல் டிசைன் பேசினால், இன்னொரு அழகான தளத்தைக் கட்டி அதையும் இதே மாதிரி விட்டுவிடுவோம்.


கருப்பூர் மாணவன்:

அண்ணா, சொல்வது புரிகிறது. ஆனால் தோற்றம் பெரிய விஷயமில்லை என்று ஆகிவிடக் கூடாது. கல்லூரியில் ஜூனியர்களிடம் நம் தளத்தைக் காட்டினால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இந்தக் குழு இப்போதும் இயங்குகிறதா என்பதுதான். முகப்பில் மேலே ஓடுவது எப்போதோ நடந்த மென்பொருள் விடுதலை நாள் போட்டோக்கள். போனில் திறந்தால் மெனு திரைக்கு வெளியே போகிறது. புதிதாக வருகிறவருக்கு அங்கேயே ஆர்வம் விட்டுவிடும்.

நாங்கள் சில பேர் இறுதியாண்டில் இருக்கிறோம், தளம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளான ரியாக்டும் நெக்ஸ்ட்டும் தெரியும். நல்ல அனிமேஷனோடு, டார்க் மோடோடு ஒரு தளம் கட்டித் தர முடியும். உழைக்க ஆள் இருக்கும்போது பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அந்த வேகமே போய்விடும் என்று பயமாக இருக்கிறது. அடுத்த ஆண்டு எங்களில் பாதிப் பேர் சேலத்திலேயே இருக்க மாட்டோம்.


அம்மாப்பேட்டை:

தம்பி சொல்வதில் ஒன்று நூற்றுக்கு நூறு சரி. குழு செத்துவிட்டது போலத்தான் தளம் இருக்கிறது. கூட்டம் மாதாமாதம் நடக்கிறது, அறிவிப்பு வாட்ஸ்அப்பில் மட்டும் போகிறது. ஏற்கெனவே குழுவில் இருப்பவருக்குத்தான் கூட்டம் இருப்பதே தெரியும் என்றால் புது ஆள் எப்படி வருவார்? எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் சரி, அடுத்த கூட்டம் எங்கே, எப்போது என்பது எல்லாப் பக்கத்திலும் மேலே ஒரு வரியாக இருக்க வேண்டும். முகப்பில் மட்டும் போட்டால் போதாது, லாக் என்ன சொல்கிறது என்று மேலே பார்த்தோமே.


நாகலூர் டீச்சர்:

நான் மேலே ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், அதனால் எனக்குத் தெரிந்த நிலைமையைச் சொல்கிறேன். சேலத்திலிருந்து வரும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, பாதி வழியில் சிக்னல் போய்விடும். மேலே வந்து சேர்ந்தாலும் ஊருக்கு ஊர் வேறுபடும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மழைக்காலம் என்றால் பல நாள் நெட்டே இருக்காது. இப்படி ஒரு இடத்தில், ஸ்கிரிப்ட் முழுவதும் இறங்கினால்தான் எழுத்து தெரியும் என்று கட்டிய தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கம்தான் வரும். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் மூடிவிடுவார்கள்.

அரசு லேப்டாப் திட்டம் 2011ல் தொடங்கியது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. அண்ணன் அக்காவுக்கு வந்த அந்த லேப்டாப்பைத்தான் பல வீடுகளில் இன்றைக்கும் தம்பி தங்கைகள் வைத்திருக்கிறார்கள். நினைவகம் 2 ஜிபி. விண்டோஸ் திறந்து முடிக்கவே பொறுமை போய்விடும், அதனால் லினக்ஸ் போடலாமா என்று கேட்டு என்னிடம் வருகிறார்கள். நான் நம் தளத்துப் பக்கத்தைத்தான் காட்டுவேன். அந்தப் பக்கம் இன்னும் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 32 பிட் ஐஎஸ்ஓவை (நிறுவும் கோப்பை) இறக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 32 பிட் கணினிக்கான நிறுவியே கிடையாது. அதோடு அந்த லேப்டாப்களில் பலவற்றில் இருப்பது 64 பிட் பிராசசர்தான், அதைப் பார்ப்பது எப்படி என்று முதல் படியிலேயே சொல்லியிருக்க வேண்டும். உபுண்டு டெஸ்க்டாப் குறைந்தது 4 ஜிபி கேட்கும், அதன் இலகுவான வடிவமான லுபுண்டுவோ எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான திரைச்சூழல் போட்ட டெபியனோ 2 ஜிபியில் ஓடும் என்பதும் அங்கே இல்லை. ஒரு பையன் மாதக் கடைசியில் மிச்சமிருக்கும் டேட்டாவைச் செலவழித்துத் தப்பான கோப்பை இறக்கினால், திரும்ப முயற்சி செய்ய அடுத்த மாதம்தான்.

எனக்கு வேண்டியது: அச்செடுத்தால் ஒழுங்காக வரும் பக்கம். முடிந்தால் வழிகாட்டிகள் முழுவதையும் ஒரே ஜிப் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுப் பள்ளி லேபில் நெட் இல்லாமலே திறக்கிற வசதி. இது இரண்டும் கிடைத்தால் டார்க் மோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.


கருப்பூர் மாணவன்:

டீச்சர், பென்டிரைவில் தளத்தையே போட்டுத் திறப்பது என்று நான் யோசித்ததே இல்லை. அப்படியானால் எல்லாமே நிலையான பக்கங்களாக இருக்க வேண்டும், சர்வரில் ஒவ்வொரு முறையும் உருவாக்கும் வேலை கூடாது. நெக்ஸ்ட்டிலும் அப்படி எடுக்க முடியும், ஆனால் கோப்பை நேரடியாகத் திறந்தால் இணைப்புகள் எல்லாம் வேலை செய்யுமா என்று சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.


செவ்வாய்ப்பேட்டை:

நான் திரையைப் பார்த்துப் படிப்பவன் இல்லை, கேட்டுப் படிப்பவன். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்ல கம்ப்யூட்டரில் என்விடிஏ, போனில் டாக்பேக். என்விடிஏவே கட்டற்ற மென்பொருள்தான், 2006ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் தொடங்கியது. அதோடு வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற குரல் மென்பொருளுக்குத் தமிழும் தெரியும். அப்படியிருந்தும் நம் தளத்தில் தமிழ்க் கட்டுரையைத் திறந்தால், ஒவ்வொரு முறையும் குரலை நானே கையால் தமிழுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. காரணம், எல்லாப் பக்கத்தின் தலையிலும் மொழி ஆங்கிலம் என்று குறித்திருக்கிறது. தமிழ் என்று குறித்துவிட்டு, இடையில் வரும் ஆங்கிலக் கட்டளை வரிகளுக்கு மட்டும் ஆங்கிலம் என்று குறித்தால் என்விடிஏ தானே மாற்றிக்கொள்ளும். டெம்ப்ளேட்டில் செய்ய வேண்டிய சின்னத் திருத்தம், பல வருடமாகக் கிடக்கிறது.

அடுத்தது போஸ்டர். கூட்ட அறிவிப்பை ஒரு படமாகச் செய்து அதை மட்டும் போடுகிறார்கள். எனக்கு அங்கே கேட்பது "படம்" என்ற ஒரு சொல். தேதி, இடம், நேரம் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளே. போஸ்டரை மட்டும் போட்டால் என்னைப் பொறுத்தவரை அந்தக் கூட்டமே இல்லை. போஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதே விவரத்தைக் கீழே எழுத்தாகவும் எழுதுங்கள். தேடுபொறிக்கும் அதுதான் தெரியும், சிக்னல் இல்லாத இடத்தில் டீச்சருக்கும் அதுதான் முதலில் வந்து சேரும்.

அப்புறம் முகப்பில் தானாக நகரும் அந்தப் படவரிசை. பட்டனுக்கு வந்து சேர்வதற்குள் இடம் மாறிவிடுகிறது, நிறுத்த வழி இல்லை. "இங்கே சொடுக்கவும்" என்ற இணைப்பு ஒரே பக்கத்தில் பத்து இருக்கிறது. நான் இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்பவன், பத்து முறை "இங்கே சொடுக்கவும்" என்று கேட்டால் எது எங்கே போகும்? இணைப்பில் அது போகும் இடத்தின் பெயர் இருக்கட்டும். தலைப்புகள் வரிசைப்படி இருக்கட்டும், எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு வரியைத் தலைப்பாக்க வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்று இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி விதி சொல்கிறது, இப்போது இருக்கும் சாம்பல் எழுத்து அந்த அளவுக்கு வராது என்று பார்வை குறைந்த நண்பர் ஒருவர் சோதித்துச் சொன்னார்.

யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. தளம் முடிந்த பிறகு சரிசெய்து கொள்ளலாம் என்றால் அது நடக்காது, அதனால்தான் இப்போதே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.


ஓமலூர்:

மேலே சொன்னதெல்லாம் பட்டியலில் தனிப் பகுதியாக ஏற வேண்டும். தளத்தை வெளியிடும் முன் செவ்வாய்ப்பேட்டை அண்ணன் என்விடிஏவில் கேட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வெளியிடுவது என்று இப்போதே முடிவெடுக்கலாம். நான் அதற்கு ஆதரவு.

எதில் கட்டுவது என்பதற்கு வருகிறேன், சர்வர் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே. ட்ரூபல் 7லிருந்து 10க்கோ 11க்கோ போவது ஒரு பதிப்பைப் புதுப்பிக்கிற மாதிரி வேலை இல்லை. உள்ளே இருக்கும் அமைப்பே வேறு. புதிய தளத்தைத் தனியாக நிறுவி, மைக்ரேட் தொகுதி வழியாகத் தரவை அங்கே கொண்டுபோக வேண்டும், டெம்ப்ளேட்டை முதலிலிருந்து எழுத வேண்டும். ட்ரூபல் 7லிருந்து பிரிந்து 2015ல் முதல் பதிப்பு வந்த பேக்டிராப் என்று ஒன்று இருக்கிறது, அதில் 7ன் டேட்டாபேஸை நேரடியாக மேம்படுத்தும் வழி உண்டு. அதிக வேலை இல்லாமல் தப்பிக்க அது நல்ல வழி. ஆனாலும் பிஎச்பி, டேட்டாபேஸ், மாதாமாதம் திருத்தங்கள் என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸும் அதே கதைதான், எழுதுகிறவருக்கு எளிது, பிளகின்களைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் ஒருநாள் முகப்பில் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும்.

நம்மிடம் இல்லாதது பணமோ திறமையோ இல்லை, தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஆள். அதனால் நான் ஹ்யூகோ மாதிரி ஒன்றைத்தான் சொல்வேன். கட்டுரைகள் எல்லாம் மார்க்டவுன் கோப்புகள் (எளிய குறிகள் போட்ட வெறும் எழுத்துக் கோப்புகள்), அதிலிருந்து பக்கங்கள் ஒரு தடவை உருவாகி அப்படியே கிடக்கும். சர்வரில் ஓட எதுவும் இல்லாததால் உடைக்கவும் அதிகம் இல்லை. ஒரு வருடம் யாரும் தொடவில்லை என்றாலும் தளம் நிற்கும். டீச்சர் கேட்ட ஜிப்பும் எளிதாகும், நேரடியாகத் திறக்கும்படி இணைப்புகளை அமைத்தால் போதும். நாளைக்கு ஹ்யூகோ பிடிக்கவில்லை என்றால் அதே கோப்புகளை வேறொன்றில் போட்டுக்கொள்ளலாம். தம்பி, நெக்ஸ்ட்டில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதன் கீழே இழுத்துக்கொண்டு வரும் நூறு நூறு பொதிகளை நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு யார் புதுப்பிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.


கருப்பூர் மாணவன்:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. இறுதியாண்டோடு போய்விடுவோம் என்று நானே எழுதியிருக்கிறேன், அப்படிப் போகிறவர்கள் கட்டும் தளம் அடுத்தவர் கைக்கு எளிதாகப் போகிற மாதிரி இருக்க வேண்டும். ஹ்யூகோவைக் கற்றுக்கொள்கிறேன். ஆனால் போனில் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.


கொண்டலாம்பட்டி:

நான் புரோகிராமர் இல்லை. தளத்தில் இருக்கும் தமிழ் வழிகாட்டிகளில் நிறைய நான் எழுதியது, லிப்ரே ஆபிஸ் தொடர் முழுவதும் என்னுடையது. ஓமலூர் அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. மார்க்டவுன் எழுதி, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் கமிட் செய்து (பதிந்து), சேர்க்கச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பு என்றால் என்னைப் போன்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுவோம். சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். வேலைக்குப் போய் வந்து, வீட்டில் சமைத்து முடித்து, இரவு கிடைக்கும் அரை மணி நேரத்தில் எழுதுகிறேன். அந்த நேரம் கட்டுரைக்குப் போக வேண்டும், கருவியோடு மல்லுக்கட்டுவதற்குப் போகக் கூடாது. எழுத ஒரு பெட்டி, பார்க்க ஒரு பட்டன், வெளியிட ஒரு பட்டன். இது இல்லாமல் எந்தத் தளமும் எனக்கு வேண்டாம்.

அடுத்து, தமிழில் தளம் கட்டுகிறோம் என்பதை டெம்ப்ளேட் பார்க்கும்போது யாரும் நினைவில் வைப்பதில்லை. மாதிரிப் பக்கத்தில் இருக்கும் எழுத்துரு ஆங்கிலத்துக்கு மட்டும்தான். தமிழைப் போட்டதும் போனில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துருவுக்குத் தாவிவிடும், தடித்த எழுத்து மை அப்பியது போல் வரும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தமிழை விட்டால் மேல் வரியின் கொக்கியும் கீழ் வரியின் கொம்பும் இடிக்கும், குறைந்தது எழுத்தளவின் 1.6 மடங்கு வேண்டும். ஆங்கிலத் தலைப்புக்கு அழகுக்காக எழுத்துகளை விலக்கி வைப்பார்கள், தமிழில் அதைச் செய்தால் சொல் உதிர்ந்துவிடும். நாலெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பட்டனில் "பதிவிறக்கம்" உட்காராது. ஆகவே டெம்ப்ளேட்டைச் சோதிக்க நம் கட்டுரையிலேயே ஒன்றை எடுத்துப் போட்டுப் பாருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை மூன்றும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் இருக்கின்றன, நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒன்றே போதும், இரண்டு தடிமன், வோஃப்2 என்ற சுருக்கிய இணைய எழுத்துரு வடிவில். எழுத்துரு இறங்கும்வரை போனில் இருப்பதிலேயே எழுத்தைக் காட்டும்படி வைத்தால் டீச்சர் சொன்ன வெள்ளைப் பக்கம் வராது.

பட்டியல் போடுவதில் எனக்கு முழு சம்மதம். என் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி குறியேற்றத்தில் அடித்த மிகப் பழைய கட்டுரைகள் சில இருக்கின்றன, இன்றைய பிரௌசரில் அவை படிக்க முடியாத குறிகளாகத் தெரிகின்றன. ஓபன்-தமிழ் பைதான் நூலகத்தில் அவற்றை மாற்றும் வசதி இருக்கிறது, யாராவது ஓட்டிக் கொடுத்தால் நான் பிழை திருத்துகிறேன்.


ஓமலூர்:

அக்கா, நீங்கள் எழுதுவதை நிறுத்தினால் தளம் கட்டுவதில் அர்த்தமே இல்லை. கிட் பின்னால் இருக்கட்டும், முன்னால் நீங்கள் கேட்ட பெட்டியை வைக்க வழி இருக்கிறது. டீகேப் என்று ஒன்று, முன்பு நெட்லிஃபை சிஎம்எஸ் என்று இருந்தது, 2023ல் பெயர் மாறியது. நீங்கள் பிரௌசரில் எழுதிச் சேமித்தால் அதுவே கமிட்டாகிவிடும். போனில் கொஞ்சம் திணறும், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் நீங்கள் ஒரு மின்னஞ்சலில் கட்டுரையை அனுப்புங்கள், அதைத் தளத்தில் ஏற்றும் பொறுப்பு ஒருவருக்கு என்று எழுதி வைத்துவிடலாம்.

தேடல் பெட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன், தமிழில் அது தனிச் சிக்கல். "கொ" என்பதை ஒருவர் ஒரே உயிர்க்குறியாக அடித்திருப்பார், இன்னொருவர் கோப்பில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருக்கும். பார்க்க ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். அதை என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்கல் முறைக்கு ஒருமுறை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் "ஔ"வுக்குப் பதில் "ஒ"வும் "ள"வும் சேர்த்து அடித்ததை அந்த முறை திருத்தாது, அதற்கு நாமே விதி எழுத வேண்டும். "ஸ்ரீ"க்கும் இரண்டு வடிவம் இருக்கிறது. பக்கங்களை மாற்றும்போதே இவற்றையும் சீராக்கிவிட்டால் பேஜ்ஃபைண்ட் மாதிரி, பிரௌசரிலேயே ஓடும் தேடல் ஒழுங்காகக் கண்டுபிடித்துத் தரும்.


அம்மாப்பேட்டை:

தளத்தின் கோப்புகள் இருக்கும் ரெப்போவை எங்கே வைப்பது? கிட்ஹப் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2018லிருந்து அது மைக்ரோசாப்ட் கையில். கட்டற்ற மென்பொருளைப் பற்றி ஊர் ஊராகப் பேசிவிட்டு நம் சொந்தத் தளத்தை அங்கே வைப்பது சரியாகப் படவில்லை.


கருப்பூர் மாணவன்:

அண்ணா, மாணவர்கள் எல்லோருக்கும் கணக்கு இருப்பது அங்கேதான். பங்களிக்க வருகிறவரிடம் முதலில் இன்னொரு கணக்கைத் திற என்றால் தயங்குவார்கள்.


ஓமலூர்:

லாபநோக்கில்லாத சங்கம் நடத்தும் கோட்பெர்க்கில் வைப்போம், கிட்ஹப்பில் ஒரு நகல் இருக்கட்டும், அங்கே வரும் திருத்தத்தை நான் எடுத்துச் சேர்க்கிறேன். தளம் நம் சர்வரிலேயே ஓடட்டும். கொள்கையும் கெடாது, வருகிறவரும் திரும்பிப் போக மாட்டார்.


சூரமங்கலம்:

முகவரிகள் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நம் பக்கங்களுக்கு வெளியிலிருந்து இணைப்பு கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். கல்லூரி வலைப்பூக்கள், தமிழ் விக்கிப்பீடியா மேற்கோள்கள், நாம் பயிற்சியில் கொடுத்த அச்சிட்ட தாள்கள். தாளில் அச்சான முகவரியை யாராலும் திருத்த முடியாது. ஆகவே பழைய முகவரி ஒவ்வொன்றும் 301 (நிரந்தரத் திருப்பிவிடல்) போட்டுப் புதிய பக்கத்துக்குப் போக வேண்டும். ட்ரூபலில் ஒரே கட்டுரைக்கு எண் முகவரி ஒன்று, பெயர் முகவரி ஒன்று என்று இரண்டு இருக்கும், இரண்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். நீக்கும் பக்கத்தையும் முகப்புக்குத் திருப்பிவிடக் கூடாது, வந்தவருக்கு ஒன்றும் புரியாது. அது பழையது, அதற்குப் பதிலாக இது இருக்கிறது என்று ஒரு வரி சொல்லும் பக்கம் வேண்டும். மாற்றும் முன் பழைய இணையப் பக்கங்களைக் காக்கும் வேபேக் மெஷினில் எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை சேமித்துவிடுவதும் நல்லது.

புதிய பக்கங்களுக்கு முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். தமிழில் வைத்தால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். "சேலம்" என்ற ஒரு சொல் மட்டும் 45 எழுத்தாகும். பார்க்கிறவர் ஏதோ வைரஸ் இணைப்பு என்று தொடவே பயப்படுகிறார்.


கொண்டலாம்பட்டி:

இதை நான் ஏற்க மாட்டேன் அண்ணா. பிரௌசரின் முகவரிப் பட்டையில் தமிழ் தமிழாகவே தெரிகிறது. ஒட்டும்போது விரிகிறது என்பதற்காக நாமே தமிழை முகவரியிலிருந்து எடுத்துவிட்டால், பிறகு தமிழ்க் கணிமை என்று எதற்குப் பேச வேண்டும்?


நாகலூர் டீச்சர்:

கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் போனில் பார்த்து அடிக்க வேண்டும். எனக்குச் சின்ன முகவரி வேண்டும், எந்த எழுத்தில் இருந்தாலும் சரி. தமிழ் முகவரியே இருக்கட்டும், வழிகாட்டிகளுக்கு மட்டும் கூடவே எண் போட்ட ஒரு குறு முகவரி கொடுத்தால் இரண்டு பேருக்கும் ஆயிற்று.


குகை:

இப்போது பெங்களூரில் இருக்கிறேன், தளத்தை ட்ரூபலில் நிறுவியவன். ஹோஸ்டிங் கணக்கு, டொமைன் இரண்டும் இன்னும் என் மின்னஞ்சலில்தான் இருக்கின்றன. வருடா வருடம் நானே கட்டிவிடுகிறேன், அது பாரமில்லை. ஆனால் எனக்கு ஒன்று ஆனால் உங்கள் யாராலும் உள்ளே போக முடியாது, அது குழுவுக்கு நல்லதில்லை. குழுவுக்கென்று ஒரு பொது மின்னஞ்சல் தொடங்குங்கள், குறைந்தது மூன்று பேரிடம் அதன் சாவி இருக்கட்டும், அதில் ஒருவர் மாணவராக இருக்கட்டும். டொமைனை அதற்கு மாற்றித் தருகிறேன்.

டேட்டாபேஸைக் கொடுக்கும் முன் ஒரு விஷயம். பயிற்சிக்குப் பதிவு செய்த மாணவர்களின் பெயர், போன் எண், கல்லூரி எல்லாம் படிவத் தரவாக அங்கே கிடக்கிறது. கட்டுரைகளின் கீழே பின்னூட்டம் போட்டவர்களின் மின்னஞ்சலும் இருக்கிறது. அந்தப் பயிற்சிகள் என்றோ முடிந்துவிட்டன, அந்த எண்களை வைத்திருக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை. 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவை முடிந்தால் அழி என்றுதான் சொல்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் நாம் செய்ய வேண்டியதுதான். அதிலும் பதினெட்டு வயது நிரம்பாத பள்ளிப் பிள்ளைகளின் எண்கள் இருக்கின்றன. அந்த நகல் பல பேர் லேப்டாப்பில் சுற்றக் கூடாது.

ஆனால் பின்னூட்டங்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஸ்பாம் நிறைய, அதற்கு நடுவில் நல்ல பதில்கள் இருக்கின்றன. வைஃபை வேலை செய்யாத ஒரு லேப்டாப் மாடலுக்கு எந்த ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பொதி போட வேண்டும் என்பது கட்டுரையில் இல்லை, கீழே ஒருவர் எழுதிய பின்னூட்டத்தில்தான் இருக்கிறது. அவற்றைக் கட்டுரைக்குள் சேர்த்து, கேட்டவருக்கும் சொன்னவருக்கும் நன்றி போட்டுவிடலாம்.

உரிமம் பற்றியும் முடிவு செய்யுங்கள். கட்டுரைகளுக்கு எந்த உரிமம் என்று அன்றைக்கு நாம் எழுதவே இல்லை. இனி வருவது கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 (எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் யாரும் பகிரலாம்) என்று இருக்கட்டும், பழையதற்கு எழுதியவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் போட வேண்டும்.


செவ்வாய்ப்பேட்டை:

இன்னொரு தரப்பினரையும் நாம் மறந்துவிட்டோம். எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் கணக்குக்கும் பில்லுக்கும் கட்டணமில்லாத மென்பொருள் இருக்கிறதா என்று என்னிடம் கேட்பார்கள். லிப்ரே ஆபிஸ் கால்க்கில் எடை, சேதாரம், கூலி போட்டு ஒரு தாள் செய்து கொடுத்தாலே அவர்களுக்குப் போதும். நம் தளத்தில் மாணவருக்கு எல்லாம் இருக்கிறது, கடை வைத்திருப்பவருக்கு ஒரு பக்கம்கூட இல்லை. பட்டியலில் "இல்லாத பக்கங்கள்" என்று ஒரு பகுதி வேண்டும்.


கொண்டலாம்பட்டி:

இதை நான் எழுதுகிறேன். உங்கள் தெருவுக்கு ஒருநாள் வந்து இரண்டு மூன்று பேரிடம் அவர்கள் நோட்டில் எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதினால்தான் சரியாக இருக்கும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.


நாகலூர் டீச்சர்:

டெம்ப்ளேட் தயாரானதும் சேலத்தில் நம்மையே வைத்துச் சோதிக்காமல் மேலே கொண்டு வாருங்கள். எங்கள் பிள்ளைகளிடம் அவரவர் வீட்டுப் போனைக் கொடுத்து, லினக்ஸ் நிறுவும் பக்கத்தைக் கண்டுபிடி, அடுத்த கூட்டம் எப்போது என்று சொல், ஒரு சந்தேகம் வந்தால் எங்கே கேட்பாய் என்று காட்டு, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். பக்கத்தில் நின்று யாரும் சொல்லித் தரக் கூடாது. எங்கே திணறுகிறார்களோ அதை எழுதிக்கொண்டு போங்கள். பள்ளி நாளாக இருந்தால் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டும், சனிக்கிழமை என்றால் வாசகசாலையில் வைத்துக்கொள்ளலாம்.


கருப்பூர் மாணவன்:

சனிக்கிழமையே வருகிறோம் டீச்சர். நம் லினக்ஸ் நிறுவும் கட்டுரையையே போட்டு இரண்டு டெம்ப்ளேட்டில் மாதிரி செய்து எடுத்து வருகிறோம், பென்டிரைவிலும் ஒரு நகல் இருக்கும். அதற்கு முன் செவ்வாய்ப்பேட்டை அண்ணனிடம் இரண்டையும் அனுப்புகிறேன், அவர் கேட்டுச் சொன்ன திருத்தங்களைச் செய்துவிட்டுத்தான் மேலே வருவோம்.


சூரமங்கலம்:

விரிதாளைத் தொடங்கிவிட்டேன், இணைப்பு குழுவில் இருக்கிறது. லினக்ஸ் நிறுவும் பக்கத்துக்கு டீச்சர் பெயரையும் என் பெயரையும் போட்டிருக்கிறேன், 32 பிட் வரியைப் புதிய தளம் வரும்வரை காத்திருக்காமல் பழைய தளத்திலேயே இந்த வாரம் திருத்திவிடுகிறேன். தமிழ்99 பக்கத்துக்கு இன்னும் பெயர் விழவில்லை. ஐபஸ்ஸோடு, அதைப் போன்ற எஃப்சிஐடிஎக்ஸ் 5லும் அமைக்கத் தெரிந்தவர் யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது.


அம்மாப்பேட்டை:

தமிழ்99 என்னிடம் விடுங்கள். தினமும் அதில்தான் அடிக்கிறேன்.


ஓமலூர்:

குகை அண்ணனோடு பேசி டேட்டாபேஸ் நகலை எடுத்தாயிற்று. படிவத் தரவையும் பின்னூட்டத்தில் உள்ள மின்னஞ்சல்களையும் நகலிலிருந்து நீக்கிய பிறகுதான் கோட்பெர்க்கில் மாற்றும் வேலையைத் தொடங்குவேன், அதுவரை யாரும் நகலைக் கேட்க வேண்டாம். பொது மின்னஞ்சலுக்கு மூன்றாவது ஆள் யார் என்று மட்டும் இந்த ஞாயிறு கூட்டத்தில் முடிவு செய்துவிடுங்கள்.